பென்கா போனை வைத்தாள்

பென்காவுக்கு ஏமாளி என்று பெயர் வந்தது ஒரு பிளாஸ்டிக் பையால். "போலீஸ் பேசுறோம், திருட்டுக் கும்பலைப் பிடிக்கணும், வீட்ல இருக்கிற பணத்தைப் பையில கட்டி பால்கனியிலேருந்து கீழ போடுங்க" என்று வீட்டு போனில் ஒருவன் சொன்னான். பென்கா போட்டாள். தன் சாவுச் செலவுக்கென்று ஒதுக்கி வைத்த பணம். மூன்றாம் மாடியிலிருந்து அவள் எட்டிப் பார்க்கும்போதே ஒரு பயல் பையைப் பொறுக்கிக்கொண்டு சாவகாசமாக நடந்து போனான்.

பல்கேரியாவில் அப்படிப் போட்டது அவள் ஒருத்தியா என்ன? டாக்டர்களே போட்டிருக்கிறார்கள். ஆனால் சின்ன ஊருக்குச் சிரிக்க ஆள் வேண்டுமே. கீழ்வீட்டு ஸ்தான்கா பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்: "என்னடி பென்கா, இன்னிக்கு மேலேருந்து ஏதாவது விழுமா? கூடை எடுத்துட்டு வரவா?"

தக்காளியும் குடைமிளகாயும் டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் ஆயுசு முழுக்க நின்றே வேலை பார்த்தவள் பென்கா. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகன் இலியான் ஜெர்மனியில், அவள் தங்கை மகன் கொஸ்தா லாரி ஓட்டும் நகரத்திலேயே, கட்டட வேலையில் இருந்தான். அவன் ஒருத்தன்தான் சிரிக்கவில்லை. "விடும்மா, காசுதானே போச்சு" என்றான். அவளுக்குப் போனது காசு மட்டுமில்லை. ரொட்டிக் கடைக்குப் போகக்கூட யார் கண்ணிலும் படாமல் அவள் தெரு சுற்றித்தான் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் செயற்கை நுண்ணறிவு பற்றிச் சாதாரண ஜனங்களுக்குச் சொல்லித்தர அரசாங்கம் பணம் ஒதுக்கியது. ஊர் வாசகசாலைக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. பாடம் நடத்த, அங்கே புத்தகம் எடுத்துக்கொடுக்கும் வெனெத்தாவையே போட்டார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல காரியம்தான். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தது பென்கா.

வெனெத்தா ஊர்த் தலைவரின் குரலைக் கம்ப்யூட்டரில் செய்து, "எல்லாருக்கும் இலவசமா பிராந்தி" என்று அறிவிக்க வைத்தாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு அவள் கண்டிப்பான குரலில் சொன்னாள்: "இதே மாதிரி உங்க புள்ள குரலையும் செய்வாங்க. தெரியாத நம்பர், அழுகிற குரல், உடனே உதவி வேணும்பாங்க. கேட்டுட்டு நிக்காதீங்க. கேட்டா இளகிடுவீங்க. வெச்சுட்டு, புள்ளையோட நம்பருக்கு நீங்களே அடிச்சுப் பாருங்க."

குளிர்காலத்துக்குப் பாட்டிலில் அடைக்கக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் வீட்டு போன் அடித்தது.

"அம்மா, நான்தான். விழுந்துட்டேம்மா, என்னால..."

பென்கா வைத்தாள். இலியானின் நம்பருக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வேலை நேரத்தில் அவன் எப்போதும் அணைத்துத்தான் வைப்பான். மறுபடியும் வீட்டு போன் அடித்தது.

"அம்மா, வெக்காத. கொஸ்தாவை வரச் சொல்லும்மா, கொஸ்தாவை..."

"நாசமாப் போறவனே! இன்னொரு பை கேக்குதா உனக்கு?" என்று கத்திவிட்டு வைத்தாள். மூன்றாம் முறை அடித்தபோது ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டாள். சாயங்காலம் கைபேசியிலிருந்து மகன் நம்பருக்கு அடித்துப் பார்த்தாள், அப்போதும் அணைத்தே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிடுவான் என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் வகுப்பில் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். வகுப்புக்கு வந்திருந்த ஸ்தான்காவே எழுந்து நின்று தட்டினாள். தலைநகரத்திலிருந்து வகுப்பைப் பார்வையிட வந்திருந்த அதிகாரி, இவளை மாதிரி நாலு பேர் இருந்தால் போதும் என்று படம் எடுத்துக்கொண்டார். பென்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றைக்கு நேர்த் தெருவிலேயே வீட்டுக்கு நடந்தாள்.

சனிக்கிழமை கொஸ்தா கைபேசியில் கூப்பிட்டான்.

"பெரியம்மா... இலியான் போயிட்டான் பெரியம்மா."

வீட்டு போன் அடித்ததற்கு முந்தின நாள் இலியான் சாரத்திலிருந்து விழுந்திருக்கிறான். கைபேசியும் கூடவே விழுந்து நொறுங்கியிருக்கிறது. பதிவு செய்யாமல் வேலைக்கு வைத்த ஆள் என்பதால் மேஸ்திரி, பாவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் தகரக் கொட்டகையில் படுக்க வைத்துவிட்டுப் போய்விட்டான். பக்கத்துக் கட்டில்காரன் மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் தன் போனைக் கொடுத்திருக்கிறான். இலியான் போன பிறகு கொஸ்தாவைத் தேடிப் பிடித்துச் சொன்னவனும் அவன்தான்.

"யார் நம்பரும் அவனுக்கு ஞாபகமில்ல. சின்ன வயசுலேருந்து மனப்பாடமா தெரிஞ்சது வீட்டு நம்பர் ஒண்ணுதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பத்து நிமிஷத்துல போய் நின்னிருப்பேனே பெரியம்மா! ஏன் எனக்குச் சொல்லல?"

பென்கா பிடுங்கிப் போட்ட ஒயரைத் திரும்பச் சுவரில் செருகினாள்.

நாற்பதாம் நாள் வழக்கப்படி கல்லறையில் வேகவைத்த கோதுமையைப் பங்கிட்டுவிட்டு, கறுப்பு முக்காட்டோடு நேரே வாசகசாலைக்குப் போனாள். வெனெத்தா தனியாக இருந்தாள். பென்காவைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள்.

"அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம்" என்றாள் பென்கா. புது வருஷத்துக்கு மகன் அனுப்பிய வாழ்த்து வீடியோ இருந்த கைபேசியை மேஜையில் வைத்தாள். "அவன் குரலைச் செஞ்சு கொடு. என்னைக் கூப்பிடட்டும். இந்தத் தடவை வெக்க மாட்டேன்."

"வேணாம் அக்கா. உங்களுக்குத் தாங்காது."

"செய்டி."

வெனெத்தா செய்தாள். கம்ப்யூட்டரிலிருந்து இலியான் பேசினான். "அம்மா, நான்தான். விழுந்துட்டேம்மா."

பென்கா கண்ணை மூடிக் கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"இது அவன் இல்ல."

"மெஷின்தானே அக்கா. வித்தியாசம் யாருக்குமே தெரியாது, அதனாலதான் நீங்க அன்னிக்கு..."

"எனக்குத் தெரியுது. அம்மான்னு கூப்பிடுறதுக்கு முன்னாடி அவன் மூக்கை ஒரு தடவை உறிஞ்சுவான். இதுல அது இல்ல."

பென்கா மேஜையிலிருந்து கைபேசியை எடுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு போன்ல உறிஞ்சினான்டி. ரெண்டு தடவையும் எனக்குக் கேட்டுச்சு. அவன்தான்னு தெரிஞ்சுச்சு. மறுபடியும் ஊரு சிரிச்சிடுமேன்னுதான் வெச்சேன்."