நாலாவது நெறிக்கட்டி

நெஞ்சு நோய்ப் பிரிவில் ஸ்கேன் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாளுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் கல்மூஞ்சி. பிறவியிலேயே அப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நர்ஸ் அடித்த ஏதோ ஒரு ஜோக்குக்குச் சிரித்துத் தொலைத்தாள். கதவுக் கண்ணாடி வழியாக அதைப் பார்த்த நோயாளியின் மகன், அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டுவிட்டான். மறுவாரம் வந்த ரிப்போர்ட் வேறு மாதிரி சொன்னது. அன்றிலிருந்து மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தாலும் அவள் முகம் அசைவதில்லை.

அவளுடைய ஸ்கேன் மேசையிலேயே ஒருநாள் அவள் கணவர் வந்து படுக்க நேர்ந்தது. பஸ் கண்டக்டர், வாய் ஓயாத மனுஷர். இரண்டு மாதமாக இருமல், நெஞ்சுக்குள் நெறி கட்டியிருந்தது. நுனியில் ஸ்கேன் கருவி உள்ள மெல்லிய குழாயை டாக்டர் அவர் வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் இறக்கினார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாய் சும்மா இருந்தது அன்றுதான்.

திரையில் தெரிந்த முதல் மூன்று நெறிக்கட்டிகளும் அவரைக்கொட்டை போல நீள்வட்டமாக, நடுவில் வெள்ளைக் கோட்டோடு சாதுவாக இருந்தன. நாலாவது நல்ல உருண்டை. ஓரம் துல்லியம், நடுக்கோட்டைக் காணோம். புற்று பெரும்பாலும் இந்த வேஷத்தில்தான் வரும். அவள் அதை டாக்டருக்குச் சுட்டிக் காட்டினாள்.

"வடிவத்தைப் பாத்து சந்தேகப்படலாம்மா, தீர்ப்பு சொல்ல முடியாது," என்ற டாக்டர், ஊசியால் அதில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் ஆரம்பித்தார். "என்ன தெரிஞ்சுது?"

"ரிப்போர்ட் வரட்டுங்க."

நாலு நாளும் மனுஷர் அவள் முகத்தையே படித்தார். அவள் டீ ஆற்றும்போது படித்தார், துணி மடிக்கும்போது படித்தார், தூங்குவதுபோல் நடித்து ஒற்றைக் கண்ணால் படித்தார். முழியைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைப் பிடிக்கிறவருக்குச் சொந்தப் பெண்டாட்டி பிடிகொடுக்கவில்லை. அவள் உள்ளுக்குள் செத்துச் செத்துப் பிழைத்ததும் அவருக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது. வெறும் அழற்சிதான், புற்று இல்லை. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தவள், வாசலில் அவரைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டாள்.

அவர் முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அழாத. நீ கிடைக்க நான் கொடுத்து வச்சிருக்கணும். முன்னாடியே சொல்லியிருக்கணும், வெக்கமா இருந்துச்சு."

விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் வரட்டுமே!

"போறப்ப மனசுல எதையும் வச்சுக்கக் கூடாது," என்று அவர் தொண்டையைச் செருமினார். "போன மாசம் உங்கண்ணன் குடுத்த மிக்ஸிய உடைச்சது பூனை இல்ல. நான்தான்."

அழுகை சட்டென்று நின்றது.

"ஐயோ, அந்தப் பூனைய அடிச்சு வெரட்டிட்டேனே!"

"தப்புதான். மன்னிச்சிடு."

"உங்களுக்குக் கேன்சர் இல்ல. மாத்திரையில சரியாயிடும்."

அவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "நெஜமாவா?"

"நெஜமாத்தான். எந்திரிச்சுப் போய்ப் பூனையத் தேடுங்க."