முரசுமோட்டைக்கு முன்னால் நின்ற பஸ்

வெறும் பால்மாத் தகரப் பேணியின் அடியில் இரண்டு விரலால் தட்டினால் ஒரு சத்தம் வரும். விளிம்போரம் தட்டினால் இன்னொன்று. மோதிர விரலால் பக்கத்தில் சுண்டினால் மூன்றாவதாக மெல்லிய ஒரு கிணுகிணுப்பு. இந்த மூன்று சத்தத்தையும் வைத்துக்கொண்டு என் அப்பா பாடாத பாட்டில்லை. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் ஓடும் பஸ்களில் ஏறிப் பாடுவதுதான் அவருடைய தொழில். தாளம் போடுவதும் அந்தப் பேணிதான், பாடி முடித்துச் சனத்துக்கு முன்னால் நீட்டுவதும் அதே பேணிதான். உள்ளே சில்லறை கிடந்தால் சத்தம் மந்தமாகிவிடும் என்று, அடுத்த பாட்டுக்கு முன்னர் எல்லாவற்றையும் சட்டைப் பைக்குள் கொட்டிவிட்டு, பேணியைக் காதோரம் பிடித்து ஒருமுறை சுண்டிப் பார்ப்பார். நகைக்கடைக்காரர்கூடப் பவுனை அவ்வளவு கவனமாக உரசிப் பார்க்கமாட்டார்.

சண்டைக்கு முன்னர் அவர் அதே வீதியில் லாண்ட்மாஸ்டர், அந்த இரண்டு சில்லு உழவு மெசின், ஓட்டியவர். நெல் மூட்டை, மணல், கலியாண வீட்டுக் கதிரை என்று அவர் பெட்டியில் ஏற்றாத பொருளில்லை. கடைசிச் சண்டையில் செல் துண்டு பட்டு இரண்டு கண்ணும் போயின. முகாமிலிருந்து விசுவமடுவுக்குத் திரும்பித் தறப்பாள் கொட்டிலில் இருந்த நாட்களில், "எனக்குத் தெரிஞ்சது பாட்டும் இந்த ரோட்டும்தான், ரெண்டையும் சேர்த்துப் பாப்பம்" என்று சொல்லிவிட்டு ஒரு காலையில் பேணியோடு வெளிக்கிட்டார். எந்த மதகில் பஸ் எத்தனை தரம் குலுங்கும், எந்தப் பள்ளக் கிடங்குக்குச் சாரதி இடப்பக்கம் வெட்டுவார் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "உங்கட அப்பாவுக்கு ரோட்டில இருக்கிற கிடங்கெல்லாம் பாடம், குசினியில உப்புப் போத்தல் இருக்கிற இடம் மட்டும் பிடிபடாது" என்று அம்மா சிரிப்பா.

பக்கத்து வீட்டு அண்ணர் அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய்த் தருமபுரம் சந்தையில் விடுவார். அங்கே பஸ் ஏறுகிறவர், உடனே பாடமாட்டார். கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் சனத்தின் கதையைக் கேட்பார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கூட இருந்தால் ஒரு பாட்டு, பொம்பிளை பார்க்கப் போகிற கூட்டமென்றால் வேறு பாட்டு. முரசுமோட்டைக்கு இரண்டு கிடங்கு இருக்கும்போது பாட்டை முடித்து, மிச்சத் தூரத்துக்குள் பேணியை நீட்டிக்கொண்டு நடந்து, பஸ் நிற்கவும் இறங்கவும் சரியாக இருக்கும். அங்கே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, "வாங்க பாட்டுக்காரர்" என்று குரல் கொடுப்பார். ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, எதிரே வரும் பஸ்ஸில் பாடிக்கொண்டு திரும்புவார். எங்கே நிற்கிறது பஸ் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. "கேக்கத் தொடங்கினா கரைச்சல் எண்டு ஏத்தமாட்டாங்கள் பிள்ளை" என்பார்.

பதினாலு வயதில் நான் கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். நான் ஏறும் பஸ்ஸில் முல்லைத்தீவுப் பக்கமிருந்து வரும் புதுச் சிநேகிதி சுகந்தி முதல் நாளே, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டாள். வவுனியாவில் மரம் அரிந்து விற்கும் மரக்காலை வைத்திருக்கிறார் என்று வாய் கூசாமல் சொன்னேன். ஏன் மரக்காலை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் நல்ல பலகைக் கதவுகூட இருக்கவில்லை. அப்பாவுக்கு இந்தக் கதை தெரியாது, ஆனால் பெண்பிள்ளையின் மனம் தெரியும். "உன்ர ஆறரை பஸ்ஸில நான் ஏறமாட்டன், நீ யோசிக்காமல் போ" என்று அவராகவே சொன்னார். அந்த பஸ் தருமபுரத்தைத் தாண்டிய பிறகுதான் தொழிலைத் தொடங்குவார்.

அந்த வருடம்தான் கிடங்கெல்லாம் மூடி வீதிக்குக் "காப்பெற்" தார் போட்டார்கள். ஊரே சந்தோசப்பட்டது. அப்பாவும் சந்தோசப்பட்டார், "கண்ணாடி மாதிரிப் போகுது" என்று. ஆனால் கிடங்குகளோடு அவருடைய கணக்கும் போயிற்று. பாட்டு நடுவில் இருக்க, பஸ் முரசுமோட்டையில் நிற்கும்; அல்லது பாட்டு முடிந்தும் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் சளைக்கவில்லை. யன்னலால் வரும் காற்றைப் பிடித்துக்கொண்டார். முரசுமோட்டை நெருங்க வயல் சேற்று மணம் குறைந்து, கடைப் பக்கத்து விறகுப் புகை வரும். அது போதும் என்றார்.

மாரி தொடங்கிய ஒரு நாள் ஆறரை பஸ் வரவில்லை. சுகந்தி வந்த அடுத்த பஸ்ஸில் நானும் ஏறினேன். மழைக்கு எல்லா யன்னலும் சாத்தியிருந்தது. தருமபுரம் சந்தையில் பஸ் நின்றபோது முதலில் பேணிச் சத்தம் கேட்டது, பிறகுதான் ஆளைக் கண்டேன். நான் அதில் இருப்பது தெரியாமல் அப்பா நிதானமாக ஒரு பாட்டை எடுத்துப் பாடினார்.

"நல்ல குரல், என்னடி?" என்றாள் சுகந்தி.

"ஓம்" என்றேன்.

பாட்டு முடிந்து பேணி வந்தது. சுகந்தி ஒரு பத்து ரூபாக் குத்தியைப் போட்டாள். "நல்லா இருப்பாய் பிள்ளை" என்றார் அவளிடம். பிறகு பேணி என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. நான் மூச்சுக்கூட விடவில்லை. ஆளில்லாத சீற் என்று நினைத்து நகர்ந்து போனார்.

அந்த நேரம் பஸ் நின்றது. வயல்வெளி நடுவில் யாரோ கைகாட்டி மறித்திருந்தார்கள். கொண்டக்டர் முன்பக்கம் ரிக்கற் எழுதிக்கொண்டிருந்தார். அப்பா பின்கதவுப் படியில் கால் வைத்தார். முரசுமோட்டைக்கு இன்னும் இரண்டு மைல் கிடந்தது. "அப்பா, இது முரசுமோட்டை இல்லை, இறங்காதேங்கோ." இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. "அப்பா" என்ற முதற் சொல்தான் தொண்டையில் நின்றது. அதை விட்டுவிட்டு "ஐயா" என்றாவது சொல்லியிருக்கலாமே என்று எத்தனையோ நாள் என்னையே திட்டியிருக்கிறேன். பஸ் வெளிக்கிட்டது. யன்னலைக் கையால் துடைத்துப் பார்த்தேன். பேணியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, தேத்தண்ணிக் கடை இருக்கவேண்டிய பக்கம் முகத்தைத் திருப்பி, நானாவின் குரலுக்காக அவர் மழையில் நின்றார்.

பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். மோட்டச்சைக்கிளில் வந்த யாரோ கண்டு ஏற்றிக்கொண்டுவந்து விட்டார்களாம். அம்மா பஸ்காரரைத் திட்டிக்கொண்டிருந்தா. "அவங்களை ஏன் பேசுறாய்" என்றார் அப்பா. "எங்கட சனம் நல்ல சனம். ஆரும் கண்டிருந்தா சொல்லியிருக்குங்கள்."

காய்ச்சல் மாறியது, ஆனால் பாடுவதற்கென்று அவர் பிறகு பஸ் ஏறவில்லை. கிளிநொச்சிச் சந்தை மூலையில் ஒரு சாக்கை விரித்து இருந்து பாடினார். கால் நோகாது, நல்லதுதான் என்றார். ஆனால் அங்கே சனம் நின்று கதைப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கும். யாருக்கு எந்தப் பாட்டு என்று தெரியாமல் அவர் பாடியதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. சில மாதங்களில் சுகந்தியிடம் உண்மையைச் சொன்னேன். "அண்டைக்கு ஏன்ரி சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் சந்தைக்குப் போய், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக பஸ்ஸில் வருவேன். ஒவ்வொரு இடத்தையும் சத்தமாகச் சொல்லுவேன். "தெரியுமடி, இப்ப ஏன் கத்துறாய்" என்று சிரிப்பார். அன்றைக்கு அந்த பஸ்ஸில் நானும் இருந்தேன் என்று அவரிடம் மட்டும் சொல்ல எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.

அப்பா போய் நாலு வருடமாகிறது. நான் கிளிநொச்சியில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறேன், அதே வீதியால்தான் போய் வருகிறேன். பஸ்ஸில் இப்போது பெரிய திரையில் பாட்டு ஓடுகிறது, சனம் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நானாவின் கடை இருந்த இடத்தில் போன் கடை வந்துவிட்டது. பேணி என் அலுமாரிக்குள் இருக்கிறது. தட்டிப் பார்ப்பேன், மூன்று சத்தமும் வராது.

போன கிழமை நல்ல மழை. யன்னலெல்லாம் சாத்தியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். யாரோ மறிக்க, பஸ் நடுவழியில் நின்றது. கதவு திறந்த சத்தத்தோடு சேற்று மணம் உள்ளே வந்தது.

"அப்பா, இது முரசுமோட்டை இல்லை, இறங்காதேங்கோ."

சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்துச் சீற்றில் இருந்த முன்பின் தெரியாத ஒரு வயதான அம்மா திரும்பி, "ஆரைப் பிள்ளை மறிக்கிறாய்? ஒருத்தரும் இறங்கேல்லையே" என்றா.