நவமணியின் அமெரிக்க நாக்கு

நவமணிக்கு வாய் கொஞ்சம் நீளம். மலேசியாவில் ஈப்போ நகரை ஒட்டிய குனோங் ராபாட்டில் அவள் குடியிருந்த வரிசை வீடுகளில் இதை அறியாதவர் கிடையாது. மீன்காரனோடு அவள் மல்லுக்கு நின்றால் நான்கு வீடு தள்ளியிருப்பவர்களுக்கும் அன்றைக்கு வந்த மீன் கெம்போங்கா சிலாரா என்று தெரிந்துவிடும். ஆனால் மனசு வெள்ளை. கோபம் வந்த வேகத்தில் போய்விடும். அதற்குள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்திருப்பாள், அவ்வளவுதான்.

அவள் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. ஆங்கிலப் பள்ளியில் ஐந்தாம் பாரம் வரை படித்தாள். லோரி ஓட்டும் லூயிஸை மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக் கட்டிக்கொண்டாள். எழுபத்தேழில் ஓர் அமெரிக்கக் கம்பெனி ஊரில் மின்னணுத் தொழிற்சாலை திறந்தபோது முதல் கூட்டத்திலேயே சேர்ந்தாள். நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை எள்ளளவு சில்லில் ஒட்டுகிற வேலை. ஆறு வருஷம் ஒட்டினாள்.

எண்பத்து மூன்றில் கண் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பாட்டுப் புத்தகத்தில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. பூசையில் அடுத்த பெஞ்சில் இருப்பவர்களைப் பார்த்து உதட்டை அசைத்துச் சமாளித்தாள். கண் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: இதே வேலையை இன்னும் இரண்டு வருஷம் பார்த்தால் அதற்கப்புறம் எந்த வேலையும் பார்க்க முடியாது.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலையின் டெலிபோன் ஆப்பரேட்டர் கல்யாணமாகிப் பினாங்குக்குப் போனாள். நவமணி நேராகப் போய் ஆபீஸ் மேனேஜர் மிஸ்டர் லியோங் முன்னால் நின்றாள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அமெரிக்கத் தலைமை அலுவலகம் என்றால் அவருக்குப் பெரிய பயம். பழைய ஆப்பரேட்டர் பேசுவது புரியவில்லை என்று அங்கிருந்து ஏற்கெனவே புகார் வந்திருந்தது. எனவே நிபந்தனை போட்டார். மூன்று மாதம் சோதனை. அமெரிக்காக்காரர்களுக்குப் புரிய வேண்டும். இன்னொரு புகார் வந்தால் திரும்ப நுண்ணோக்கிக்கே போக வேண்டும். அதற்குக் கண் ஒத்துழைக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும்.

"முடியும் சார்" என்றாள் நவமணி. எப்படி என்று அவளுக்கே தெரியாது.

அமெரிக்கா எப்படிப் பேசும் என்பதை அவள் வீட்டு வானொலியில் பிடித்தாள். சிற்றலையில் அமெரிக்க நிலையம் ஒன்று சாயங்காலம் ஏழரைக்குச் செய்தி வாசித்தது. வீட்டில் இருந்ததோ ஒரே வானொலி. அதில் லூயிஸ் தமிழ்ப் பாட்டு கேட்பான். கடைசிப் பாட்டின் கடைசி வரி முடிகிற வரைக்கும் யாரையும் குமிழில் கை வைக்க விடமாட்டான். அதனால் நவமணிக்குத் தினமும் இரண்டு நிமிஷம் போய்விடும். போனால் போகட்டும் என்று மீதியைக் கேசட்டில் பதிந்துகொள்வாள்.

அந்த இரண்டு நிமிஷத்தில்தான் விஷயமே இருந்தது. "ஆங்கிலம் கற்போருக்காக நிறுத்தி நிதானமாக வாசிக்கப்படும் சிறப்புச் செய்தி இது" என்று ஆரம்பத்தில் தினமும் சொன்னார்கள். அதை நவமணி ஒரு நாளும் கேட்டதில்லை. அமெரிக்கர்கள் எல்லாரும் இப்படித்தான், ஒரு சொல்லை வைத்துவிட்டு, மூச்சு விட்டு, அடுத்த சொல்லை எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பெரிய நாடு, அவசரமில்லாத மனிதர்கள் என்று மரியாதைகூட வந்தது.

உழைப்பில் குறை சொல்ல முடியாது. சட்டி கழுவும்போதும் துணி அலசும்போதும் நாக்கை மடித்து ரகரத்தை உருட்டினாள். 'ட்வென்ட்டி'யில் கடைசி டகரத்தை விழுங்கி 'ட்வெனி' என்றாள். 'வாட்டர்' அவள் வாயில் 'வாடர்' ஆனது. பேச்சுக்குப் பேச்சு கடைசியில் 'லா' போடும் மலேசியப் பழக்கத்தை விட்டாள். இரண்டே வாரத்தில் குரல் அச்சு அசலாக அமெரிக்கக் குரல். வேகம் மட்டும் அந்தச் செய்திக்காரனுடைய வேகம்.

ஆப்பரேட்டர் நாற்காலியில் முதல் இரண்டு வாரம் உள்ளூர் அழைப்புகள்தான் வந்தன. மூன்றாம் வாரம் காலை எட்டரைக்குக் கலிபோர்னியாவிலிருந்து பெரிய முதலாளி மிஸ்டர் ஹார்லன் கூப்பிட்டார். நவமணி முதுகை நிமிர்த்திக்கொண்டு, கம்பெனியின் பெயரையும் காலை வணக்கத்தையும் சொல் சொல்லாக எடுத்து வைத்தாள். அந்தப் பக்கம் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு டொக்கென்று வைத்துவிட்டார்கள். மறுநாளும் அப்படியே. நாலாம் முறை டெலக்ஸில் ஒரு செய்தி வந்தது. மிஸ்டர் லியோங் அந்தத் தாளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். 'பதில் சொல்லும் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தயவுசெய்து ஒரு மனிதரை உட்கார வையுங்கள்' என்று அதில் இருந்தது.

"இதைப் புகார் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை" என்றார் அவர். "இன்னொன்று வந்தால் எழுதித்தான் ஆகவேண்டும்."

அன்று சாயங்காலம் நவமணி சோறு ஆக்கவில்லை. லூயிஸ் கேசட்டைப் போட்டு அந்தச் செய்திக்காரனையும், பிறகு அவளைப் பேசச் சொல்லி அவளையும் கேட்டான். அவனுக்கு ஆங்கிலம் சாலைப் பலகை வாசிக்கிற அளவுதான். ஆனால் காது நல்ல காது. லோரி எஞ்சினில் எது தட்டுகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவான்.

"கொரலு சரியாத்தான் இருக்கு" என்றான். "ஆனா இவன் பேசல, வாசிக்கிறான். நம்ம பாதர் பூசையில வாசகம் வாசிக்கிற மாதிரி. பாதர் காப்பி கேக்குறப்ப அப்படியா கேப்பாரு?"

"அப்ப எப்படித்தான் பேசுறது?"

"எங்கிட்ட சண்ட போடுவல்ல, அந்தப் பேச்சு. அதான் ஒன் சொந்தப் பேச்சு. அதுல இந்த நாக்க வச்சுப் பாரு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் தினமும் சண்டை. லூயிஸ் வேண்டுமென்றே சேற்றுக் காலோடு உள்ளே வருவான். ஈரத்துண்டை மெத்தையில் போடுவான். அவள் அம்மா வைக்கும் ரசத்தைக் குறை சொல்வான். அவன் தமிழில் சீண்ட, அவள் அமெரிக்க ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுவாள். அவனுக்குப் பாதி புரியாது. "இன்னும் ஸ்பீடா, இன்னும் ஸ்பீடா" என்று கையை மட்டும் காட்டுவான். எத்தனையோ புருஷன்மார் பெண்டாட்டியிடம் திட்டு வாங்குகிறார்கள். கேட்டு வாங்கியவன் இவன் ஒருவன்தான்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மங்களம் வேலிக்கு மேலே ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"திருநீறு. நீங்க வேதக்காரவங்கதான், இருந்தாலும் தலமாட்டுல வையி தம்பி" என்று லூயிஸிடம் மெதுவாகச் சொன்னாள். "நவமணி மேல யாரோ வெள்ளக்காரச்சி எறங்கியிருக்கா. கொரலே மாறிப்போச்சு."

"அவ போவ வேணாங்க்கா" என்றான் லூயிஸ். "அவள வரவைக்கத்தான் இவ்வளவு கஷ்டமும் சூசாவும் படுறோம்." சொன்னாலும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான்.

வீட்டில் வந்த வெள்ளைக்காரச்சி ஆபீசில் வரவில்லை. பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. வெளிநாட்டு மணி அடித்தாலே நவமணிக்குள் அந்தச் செய்திக்காரன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். நல்ல காலம், மிஸ்டர் ஹார்லன் வெளியூர்ப் பயணத்தில் இருந்தார். அவர் திரும்பி வந்து கூப்பிட்டபோது சோதனைக் காலத்தில் ஐந்து நாள்தான் பாக்கி.

அவள் வாயைத் திறந்தாள். செய்திதான் வந்தது. "குட்... மார்னிங்..."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ சலித்துக்கொள்வது தெளிவாகக் கேட்டது. மறுபடியும் அந்தப் பாழாய்ப்போன மெஷின், வைத்துவிடப் போகிறேன் என்றார்.

நவமணிக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஆறு வருஷம் குனிந்த கழுத்து, இரண்டிரண்டாகத் தெரிந்த எழுத்து, ஈரத்துண்டு, எல்லாம் சேர்ந்து கிளம்பி வந்தன. மூச்சு விடாமல், முழு அமெரிக்க நாக்கில் பிடித்துக்கொண்டாள். வைக்காதீர்கள் என்றாள். நான் மெஷின் இல்லை, கல்யாணமானவள், உங்கள் தங்கக் கம்பியை ஆறு வருஷம் ஒட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் என்றாள். உங்கள் ஊர்க்காரன் வாசித்ததைக் கேட்டுத்தான் இப்படிப் பேசினேன், தப்பு இருந்தால் அவனைக் கேளுங்கள் என்றாள். நீங்கள் ஒரு தடவை டொக்கென்று வைத்தால் என் வேலை ஒரு அடி குழிக்குள் போகிறது, பெரிய மனிதர் ஒரு நிமிஷம் பொறுக்கக் கூடாதா என்று கேட்டாள்.

கேட்டு முடித்த பிறகுதான் யாரைக் கேட்டோம் என்பது உறைத்தது. பிறகு மிஸ்டர் ஹார்லன் மன்னிப்புக் கேட்டார், அவள் பெயரைக் கேட்டார், மிஸ்டர் லியோங்கைக் கொடுக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார். அவள் இணைப்பைக் கொடுத்தாள். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மிஸ்டர் லியோங் அரை மணி கழித்து வெளியே வந்தார். கைப்பையைப் பார்த்தார்.

"அவரை என்ன சொன்னீர்கள்? வேண்டாம், என்னிடம் சொல்லாதீர்கள்" என்றார். "அந்த அம்மாளை அங்கேயே வைத்திருங்கள், இந்த மூன்று மாதத்தில் உங்கள் பக்கமிருந்து பேசிய முதல் மனுஷி அவள்தான் என்கிறார். வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் திங்கட்கிழமை தருகிறேன்."

சாயங்காலம் தொழிற்சாலை வாசலில் லூயிஸ் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தான். கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் வந்த தோரணையைப் பார்த்ததும், பாவம், அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான்.

"போனா போவுதுலா" என்று முந்திக்கொண்டான். "நா ரெண்டு லோரி ஓட்டுறேன். நீ வீட்டுல இரு. இனிமே அந்தக் கண்ணாடிக்குள்ள நீ குனிய வேணாம்."

நவமணி அப்படியே நின்றாள். அத்தனை நாளும் துண்டைப் போட்டும் ரசத்தைப் பழித்தும் திட்டு வாங்கியவன், உள்ளுக்குள் இவ்வளவு பயந்துகொண்டு இருந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வேலை நிலைத்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தாள். தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. அழுகைதான் வந்தது. அழுகையின் நடுவே இல்லை இல்லை என்று தலையை ஆட்டி, டெலிபோனைப் பிடிப்பதுபோல் கையைக் காதில் வைத்துக் காட்டி, ஆமாம் ஆமாம் என்று தலையசைத்தாள்.

வேலை போகவில்லை என்று லூயிஸுக்குப் புரிந்தது. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தான். கிரீஸ் கறை படிந்திருந்ததைப் பார்த்து அதை மறுபடி உள்ளே வைத்துவிட்டு, புறங்கையால் அவள் முகத்தைத் துடைத்தான்.

"அழாத புள்ள" என்றான். "இந்தக் கண்ணுக்காகத்தான இவ்வளவும்."