வாசலில் விட்ட கால்

வானமாமலைக்கு மரக்கால் பொருத்தி ஒரு மாதங்கூட ஆகவில்லை. அதற்குள் தங்கச்சி பேராச்சி தன் மகளுக்குக் காதுகுத்து வைத்துவிட்டாள். நல்ல மனசோடுதான் வைத்தாள். தாய்மாமன் மடியில்லாமல் காதுகுத்து உண்டா? துறைமுகத்தில் கப்பல் வெடித்து, கால் போய், அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த காலமெல்லாம் பிள்ளைக்குக் காது குத்தாமல் காத்திருந்தவள் அவள். இப்போதுதான் நடக்கிறானே, இனி என்ன என்று நினைத்தாள்.

நடக்கத்தான் செய்தான். உட்கார முடியுமா என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அந்தக் கால் தொடையில் தோல்வார் போட்டு இறுக்குவது, சம்மணத்துக்கு மடங்காது. பாதத்தில் கறுப்பு பூட்ஸை ஆணி வைத்து அடித்திருந்தார்கள். பூட்ஸைக் கழற்றுவதென்றால் காலோடுதான் கழற்ற வேண்டும். அவனோ ஒரே ரூமில் படுக்கும் ஆட்களுக்குக்கூடக் குறைக்காலைக் காட்டாமல், போர்வைக்குள்ளேயே கட்டி அவிழ்க்கிறவன்.

தாராவியில் பேராச்சி வீட்டு வாசலை மிதித்ததுமே ஒரு பெரியம்மா மறித்தாள்.

"ஏப்பா, உள்ள வெளக்கு ஏத்தியிருக்கு. செருப்பக் கழத்திட்டு வா."

வானமாமலை வாசலில் கிடந்த கள்ளிப்பெட்டியில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு வாரை அவிழ்த்தான். பேராச்சி புருஷன் சுயம்பு ஓடி வந்தான்.

"கையத் தோள்ல போடுங்க மச்சான்."

அரிசி மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கிப்போய்ப் பாயில் உட்காரவைத்தான். வேட்டியை இழுத்து மூடவே வானமாமலைக்கு இரண்டு கையும் போதவில்லை. அவன் வாசலில் கழற்றிய காலைப் பேராச்சி கையில் எடுத்திருந்தாள். ஆயிரம் வேலை அவளுக்கு. பூட்ஸைப் பார்த்தாள், செருப்புகளோடு செருப்பாக வாசலில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆசாரி காது குத்தினார். மடியிலிருந்த பிள்ளை அலறி உதைத்த உதை, வார் உரசிப் புண்ணான இடத்தில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

குத்தி முடிந்தது. பந்தி போட இடம் வேண்டும்.

"எந்திரிண்ணே, பாயைச் சுருட்டணும்."

"மொதல்ல மத்தவங்களுக்குப் போடு. நான் பெறவு சாப்பிடுதேன்."

"தாய்மாமன் உக்காராம எவன் கை நனைப்பான்?"

சுயம்பு சிரித்தான். "மச்சான் பாயோட ஒட்டிக்கிட்டாரு. மருவாத பத்தலன்னு மறியல் பண்ணுதாரு போல."

வீடே சிரித்தது. வானமாமலையும் சிரித்து வைத்தான். ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் என் காலைக் கொண்டுவா என்று நிறைந்த சபையில் ஓர் ஆம்பிளை எப்படிக் கேட்பான்?

பேராச்சி குனிந்து பாயின் முனையைப் பிடித்து இழுத்தாள். "கூடின நேரத்துல என்ன வீம்பு ஒனக்கு?" என்று காதோடு சீறினாள்.

"கால் வாசல்ல கெடக்கு, பேராச்சி."

பாயை விட்டுவிட்டாள். வாசலுக்குப் போனாள். யாரோ தன் செருப்பை அந்தக் காலின் மேலேயே கழற்றிப் போட்டிருந்தார்கள். அதைத் தள்ளிவிட்டு, முந்தானையால் மண்ணைத் துடைத்துத் தூக்கி வந்தாள்.

"பூட்ஸ்தான் கண்ணுல பட்டுது. காலுன்னு தோணல."

"செருப்புந்தான அது" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"எல்லாரும் பாக்காவ. மறைச்சுக்கிடவா?"

தலையாட்டினான். அவள் தாய்மாமனுக்கென்று எடுத்திருந்த புது வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேட்டிக்குப் பின்னால் வார் இறுகும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

எழுந்தவன் பந்தியில் உட்காரவில்லை. மறுபடி அவிழ்க்க அவனால் ஆகாது. நேரே வாசலுக்குப் போய்க் கள்ளிப்பெட்டியில் உட்கார்ந்துகொண்டான். முதல் இலையைப் பேராச்சி அங்கே கொண்டுவந்து, அவன் மடியில் தட்டின் மேல் வைத்துப் பரிமாறினாள்.

"உப்பு போதுமாண்ணே?"

"போதும்."

செருப்புகளை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் இலையையே பார்த்தான். அவள் தெருவைப் பார்த்தாள்.