எந்த லைன்?

எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு மேலே பெரிய மின்கம்பிகளை இழுத்தார்கள். கரண்டு ஈப்போவுக்குப் போனது. கீழே எங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான். மல்லுக்கட்டி ஓர் இணைப்பு வாங்கிவிடலாம் என்பது என் கட்சி. கம்பியே ஆகாது என்பது அக்கா புருஷனான மச்சான் கட்சி. என் அக்காவுக்கு அப்போது ஐந்து மாதம். அவர்கள் வீடு நேராகக் கம்பிக்கு அடியில் இருந்தது.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் மச்சான் பழைய டியூப் லைட் ஒன்றோடு என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். எதோடும் இணைக்காத அந்தக் குழல் அவர் கையில் மெல்ல வெளுத்து எரிந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லாததுபோல் இருந்தது. மேலே கம்பி விடாமல் இரைந்தது. நாய்கள் அந்த வாசலுக்கு வருவதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது.

"ஓசி வெளக்குலா மச்சான், எதுக்கு வேணாங்குறீங்க?" என்றேன். வாய்தான் கிண்டலடித்தது, கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது.

"சிரிக்காத மச்சான். ஒங்கக்கா இதுக்குக் கீழதான் படுத்திருக்கா."

ஒரு மாதம் பேசினோம். ஒரு நாளும் குரல் உயரவில்லை. என் நியாயத்தில் பாதியை அவர் ஒப்புக்கொண்டார். அவர் பயத்தில் பாதி எனக்கும் வந்துவிட்டது. கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரே மனுவாக எழுதினோம்: கம்பியை ஆற்றோரமாகத் தள்ளிப் போடுங்கள், எங்களுக்கும் கரண்டு கொடுங்கள்.

கரண்டு ஆபீஸ் அதிகாரி வந்து மலாயில் பேசினார். கம்பி இரைச்சலில் பாதி காதில் விழவில்லை. தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி தமிழில் சொன்னார்: "லைனை மாத்திக் குடுக்குறாங்களாம்லா. சம்மதமா?"

எல்லோரும் கை தட்டினார்கள். படித்தவன் என்று என்னை முன்னே தள்ளிவிட்டார்கள்; நீட்டிய தாளில் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டு, பவ்வியமாக நன்றியும் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து லாரி வந்தது. கம்பியை யாரும் தொடவில்லை. அக்கா வீட்டுப் பலகைகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். எங்கள் தோட்டத்தில் வரிசை வீடுகளுக்கும் லைன் என்றுதான் பெயர். பிறந்ததிலிருந்து லைனில் குடியிருந்தவன், எந்த லைன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரியாதை பார்த்த மடையன் நான்.

கம்பிக்கு அடியில் இருந்த வீடுகளை மட்டும் குன்றுக்கு அந்தப் பக்கம் மாற்றினார்கள். அங்கே கரண்டும் இல்லை, ரோடும் இல்லை. லாரியே பாதி வழிதான் போகும். என் வீடு தள்ளியிருந்ததால் தப்பித்தது.

"திட்டுங்க மச்சான்," என்றேன்.

"நீ நல்லாதான் பேசுன," என்றார். அவர் அறைந்திருந்தால் தேவலை.

வீடு போன இடத்தில் இரைச்சல் மட்டும் நின்றுகொண்டிருந்தது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு லாரியில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பும்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"வலி வந்தா ஒன்ன எப்படிடா கூப்பிடுறது?"