சொல்லாமல் அணைந்த டார்ச்

பாக்கியலட்சுமிக்கு மாலைக்கண். பிறந்த ஊரான ராமாபுரத்தில் இருந்தவரை அது அவளுக்கே தெரியாது. சாயங்காலம் என்றால் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், உலகம் விளிம்பிலிருந்து கரைந்து உள்ளே வரும், கடைசியில் அடுப்பு நெருப்பு மட்டும் மிஞ்சும் என்றே நினைத்திருந்தாள். கல்யாணமாகி மைசூருக்கு வந்த பிறகுதான், பக்கத்தில் நடக்கிறவர்கள் இருட்டிலும் பள்ளத்தைத் தாண்டிப் போவதைக் கவனித்தாள்.

கண் டாக்டர் மறைக்காமல் சொன்னார். இது பிறவியிலேயே வருகிற வகை, இதற்கு மருந்து இல்லை. ஓரப் பார்வை மெல்லச் சுருங்கும். நடுப் பார்வை வெகுநாள் கூர்மையாக நிற்கும்.

அவள் கணவன் சேகரன் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவன். அக்ரஹாரத்தில், வீட்டின் முன்னறையில், ரேடியோ, டேப் ரெக்கார்டர், எமர்ஜென்சி லைட் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு நஞ்சுமளிகைப் பகுதியில் ஊதுபத்தி பாக்கெட் போடுகிற வேலை. மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் வேலை முடியும்போதே வெளிச்சம் போய்விடும். சேகரன் கடையைப் பாதியில் மூடிவிட்டு ஸ்கூட்டரில் வந்து அழைத்துப் போவான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளும்போதெல்லாம், இந்தத் தெருக்களில் தானாக நடந்து போனால் எப்படி இருக்கும் என்று அவள் கற்பனை செய்வாள். சந்தனமும் மல்லிகையும் விரலில் ஒட்டியிருக்க, யாருக்கும் அவசரமில்லாத ஒரு நடை.

சாதாரண டார்ச் அவளுக்குப் பயன்படவில்லை. செல் இறங்க இறங்க பல்ப் மஞ்சளாகி, அழுக்குச் சிவப்பாகி, வெளிச்சம் தரையைத் தொடாமலே நின்றுவிடும்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், சந்தைப்பேட்டை நடைபாதையில் சேகரன் ஒரு புது மாதிரி டார்ச்சைப் பார்த்தான். மலிவு பிளாஸ்டிக், இரண்டு செல். பல்புக்குப் பதில் பட்டாணி அளவில் வெள்ளை எல்.இ.டி. ஒன்று வாங்கி வந்தான்.

சுவிட்சைப் போட்டதும் நீலம் கலந்த வெண்மை சுவரில் விழுந்தது. நிலா வெளிச்சம் என்று மற்றவர்கள் சொல்வது இதைத்தானோ என்று பாக்கியலட்சுமி நினைத்தாள். நாட்கள் போயும் அந்த வெளிச்சம் மங்கவே இல்லை.

"நாளையிலிருந்து நீங்க வர வேண்டாங்க. நானே நடந்து வந்துடறேன்" என்றாள்.

வந்தாள். வெளிச்ச வட்டத்துக்குள் கல்லும், சாணியும், கோலத்தின் மிச்சமும் ஒவ்வொன்றாக வந்து அவளிடம் முகம் காட்டிவிட்டுப் போயின. கனவில் நடப்பதுபோல் இருந்தது. வீடு வந்ததே அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

பிறகு ஒரு சாயங்காலம், பாதி வழியில், டார்ச் அணைந்தது. மங்கவில்லை, மினுக்கவில்லை. இருந்தது, இல்லை. தெருவிலும் கரண்ட் இல்லை.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பயம் முதலில் வந்தது. அதற்குப் பிறகு சத்தங்கள் வந்தன. எங்கோ குக்கர் விசில், சைக்கிள் செயின், திண்டாடும் ஒரு ஆட்டோ. ஒரு காலை நீட்டினாள், விளிம்பு தட்டுப்பட்டது. சாக்கடை. காலை இழுத்துக்கொண்டாள்.

"யாக்கம்மா, இல்லி நிந்திதீரா?" ஏன் இங்கே நிற்கிறாள் என்று ஒரு குரல் கன்னடத்தில் கேட்டது. கையில் பால் தூக்குடன் போய்க்கொண்டிருந்த கௌரம்மா என்ற பெண். விஷயத்தைச் சொன்னதும், அதற்குமேல் எதுவும் கேட்காமல் பாக்கியலட்சுமியின் கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு வீடுவரை கூட்டி வந்தாள்.

சேகரன் டார்ச்சைத் தூக்கி எறியப் போனான். "ஹோகலி, போகட்டும் விடு பாக்கியம். இனிமே நானே வர்றேன்."

"எறியாதீங்க. வெளிச்சம் நல்லாத்தான் இருக்குது. போறதுக்கு முந்தி நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும், அவ்வளவுதானுங்க."

செல் தீரப்போவதை முன்கூட்டியே காட்டும்படி செய்ய, மறுநாள் அவன் டார்ச்சைப் பிரித்தான். நகம் அளவு போர்டு. அதன்மேல் கறுப்புப் பசை ஊற்றி எல்லாவற்றையும் மூடியிருந்தார்கள். மூன்று கால் சிப் ஒன்றின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. அதன் எழுத்தும் தேய்ந்திருந்தது. இதே உருவத்தில் பல ஜாதி உண்டு: வருகிற வோல்ட்டைக் குறைத்துத் தருவது, ஏற்றித் தருவது, வெறும் டிரான்சிஸ்டர். ரேடியோக்களில் பார்த்துப் பழகிய குறைக்கிற ஜாதிதான் என்று சேகரன் முடிவுகட்டினான். சிப்பிலிருந்து வெளியே வரும் வோல்ட் இறங்கினால் எரிகிற மாதிரி ஒரு சிறு சிவப்பு விளக்கை இணைத்தான். பழைய செல்லைப் போட்டு மேஜைமேல் எரியவிட்டான். வெள்ளை ஒரே சீராக எரிந்து, சட்டென்று செத்தது. சிவப்பு எரியவே இல்லை. மறுபடி செய்தான், மறுபடியும் அதேதான்.

"இது என்ன சிப்புன்னே தெரியல கணே பாக்கியம்" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். நாற்பது தாண்டிய கண்ணுக்கு லென்ஸ் வைத்தும் அந்த எழுத்து பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. பாக்கியலட்சுமி போர்டைக் கேட்டு வாங்கினாள். ஜன்னல், தெரு, கணவன் எல்லாம் அவள் பார்வைக்கு வெளியே நின்றன; உள்ளே அந்தக் கறுப்புப் புள்ளி மட்டும் ஒரு தனி ஊர்போல் விரிந்தது. இன்னும் கிட்டே கொண்டுபோனாள். மூச்சு பட்டுச் சிப்பின்மேல் பனி படர்ந்தது. அந்தப் பனியில், எழுத்து இருந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தோன்றி மறைந்தது.

"ஏனுங்க! எழுத்து வருது... போயிருச்சு."

"திரும்ப ஊது."

ஊதினாள். "மூணு. பக்கத்துல இன்னொரு மூணு. அதுக்கு முன்னால என்னமோ கொம்பு மாதிரி. அது தெரியலீங்க."

"முப்பத்து மூணா?" சேகரன் மீட்டரை இழுத்தான். கிட்டத்தட்டத் தீர்ந்துபோன செல்களை மாட்டினான். உள்ளே போவது இரண்டு வோல்ட்கூட இல்லை. வெளியே மூன்று புள்ளி மூன்று, அசையாமல். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குறைக்கிறதில்ல, ஏத்தித் தர்றது! செல் சாகிறவரைக்கும் இது வெளியே காட்டிக்காது. நான் தப்பான பக்கத்துல காவல் வச்சிருக்கேன்."

சிவப்பு விளக்கின் காவலைச் செல் பக்கம் மாற்றினான். சாயங்காலத்துக்குள், வெள்ளை அணைவதற்கு வெகுநேரம் முன்பே, குன்றிமணி அளவுக்குச் சிவப்பு எரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வேலை முடிந்து நடந்தபோது, பின்னால் பழகிய செருப்புச் சத்தம். ஒரு குதிகால் மட்டும் தேய்ந்த சத்தம். அவள் திரும்பவில்லை.

"கடையை யார் பாத்துக்கறாங்க?"

"இன்னைக்கி மட்டும்தான் பாக்கியம்."

"நாளைக்கி வராதீங்க."

அவன் வரவில்லை. முதல் வாரம் வாசலில் நின்றான். அடுத்த வாரம் உள்ளே உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்தான்.

ஊதுபத்திக் கொட்டகையில் உடன் வேலை செய்யும் சித்தம்மா தன் தம்பிக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்றாள். அவனுக்கும் மாலைக்கண். சேகரன் அதே டார்ச்சை வாங்கி வந்தான். வெளியே அச்சு அசல் அதேதான், உள்ளே வேறு சிப், அதன் எழுத்தும் தேய்ந்திருந்தது. ஜன்னல் வெயிலில் பாக்கியலட்சுமி மறுபடி போர்டின்மேல் குனிந்து, மெல்ல ஊதினாள்.