தூசு கணக்கில் வராது

பள்ளிக்கூடப் படியேறும் முன் மார்லிஸ் டோலெஃப்சன் தன் கோட்டுப் பைகள் இரண்டையும் கார் மூடியின் மேல் கொட்டிப் பார்க்கிறார். கசங்கிய காகிதக் கைக்குட்டை, இருமல் மிட்டாய், பென்சில் துண்டு, காதில் செருகும் ஆரஞ்சுப் பஞ்சு. கூடவே சிவப்பு நிறத் தோட்டாக் கூடுகள் இரண்டோ மூன்றோ. சுட்டு முடித்த வெறும் பிளாஸ்டிக் கூடுகள்தான். அவற்றை மட்டும் பொறுக்கிக் காருக்குள் போட்டுவிட்டு, மற்றதைப் பையில் திணித்துக்கொண்டு உள்ளே வருவார். பனி கொட்டினாலும் இந்தச் சோதனை தவறாது. போன அக்டோபரில் இப்படி ஒரு வெற்றுக் கூட்டை ஜாக்கெட்டில் மறந்து வைத்திருந்த பையனை மூன்று நாள் வீட்டுக்கு அனுப்பினோம். அவன் பெற்றோருக்குக் கடிதம் தட்டச்சு செய்தவர் மார்லிஸ்தான். "லெட்டரை அடிச்சு முடிச்சுட்டு என் பையில கை விட்டேன், வாத்தியாரே. நாலு இருந்துச்சு," என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

அவருக்கு அறுபத்தொரு வயது. மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில் உள்ள எங்கள் பள்ளியின் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடமாக இருக்கிறார். நான் அதே பள்ளியில் வேதியியல் வாத்தியார். என் ஆய்வகமும் அவர் அலுவலகமும் எதிரெதிர் கதவு. காலை எட்டு ஐந்துக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசிப்பது மார்லிஸ். செவ்வாய், வியாழன் மாலைகளில் ஊருக்கு வெளியே உள்ள மைதானத்தில் பள்ளித் துப்பாக்கி அணிக்குப் புள்ளி போடுவதும் மார்லிஸ். ஒரே குரல் இரண்டு இடத்திலும் ஆட்சி செய்கிறது.

மைதானத்தில் அவருடைய வேலை விசித்திரமானது. சுடுகிற பிள்ளை "விடு!" என்று கத்தினால் எந்திரம் ஆரஞ்சு நிறக் களிமண் தட்டு ஒன்றை வானில் வீசும். ஆளுக்கு இருபத்தைந்து தட்டு. தட்டு உடைந்தால் புள்ளி போடுகிறவர் பேசக் கூடாது. தவறினால் மட்டும் "போச்சு!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். பாராட்டுக்கு வாயைத் திறக்காமல் குற்றத்துக்கு மட்டும் திறக்கிற உத்தியோகம். அவர் கணவர் ஏர்ல், "கல்யாணமான நாளா அவ அதைத்தான் பண்ணிட்டிருக்கா," என்பார்.

உயரமான ஒரு முக்காலி, அதன்மேல் ஹாக்கி பார்க்கப் போனால் உட்காரப் போடும் மெத்தை, மடியில் அட்டை. குண்டு பட்டுத் தட்டிலிருந்து ஒரு துண்டாவது பிரிந்து விழுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், அப்போதுதான் புள்ளி. சில சமயம் தட்டிலிருந்து புகைபோல் தூசு மட்டும் எழும்பும், தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் விழும். "தூசு கணக்கில வராதுடா. துண்டு விழணும்," என்பார். பதினாறு வருடத்துக்கு முன் மாவட்டப் போட்டியில், சொந்த மகனின் கடைசித் தட்டுக்கே "போச்சு!" சொன்னவர். அவன் இரண்டு வாரம் அம்மாவோடு பேசவில்லை. "நான் என்ன பண்ணட்டும்? தூசுதான் வந்துச்சு," என்று இன்றைக்கும் நவம்பரில் வரும் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் அந்த வழக்கு நடக்கிறது.

நான் இங்கே படித்த காலத்தில், மான் வேட்டைப் பருவத்தில் வண்டியின் பின்கண்ணாடியில் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு வருவோம். பிரின்சிபால் வெளியே வந்து கையில் வாங்கிக் கனம் பார்ப்பார். அதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. எங்களுக்குப் பயப்படத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது தெரிகிறது. யாராவது துப்பாக்கியோடு பள்ளிக்குள் புகுந்தால் என்று, கதவைப் பூட்டி விளக்கை அணைத்து மூச்சுக் காட்டாமல் உட்காரும் பயிற்சி வருடத்துக்கு ஐந்து முறை. அதற்கான தாளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒவ்வொரு கதவிலும் ஒட்டுகிறவர் மார்லிஸ். அதே கையால் துப்பாக்கி அணியின் பெயர்ப் பட்டியலையும் ஒட்டுகிறார். அணியில் நாற்பத்து மூன்று பேர், கால்பந்தில்கூட முப்பத்தொன்றுதான். ஆனால் ஆண்டு மலரில் துப்பாக்கி வரக் கூடாது. நாற்பத்து மூன்று பேரும் வெறுங்கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படம் தேவாலயப் பாட்டுக் குழு மாதிரி இருக்கிறது. நான் அணிக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டவன். தப்பி ஓட ஆய்வகத்தின் எந்த ஜன்னல் திறக்கும் என்று தினமும் சோதித்துப் பார்க்கிறவனும் நான்தான். இரண்டையும் ஒரே மனிதன் செய்வது எனக்கே அலுப்பாக இருக்கிறது.

ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தத் தவறு நடந்தது.

மார்லிஸின் ஒலிவாங்கியில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்திப் பிடித்திருந்தால்தான் குரல் போகும், விரல் தளர்ந்தால் அறுந்துவிடும். அன்று காற்று பலமாக இருந்ததால் மைதானத்துக்குப் போக வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. அவர் வாசித்தது இது: "துப்பாக்கி சுடுறவங்க கவனத்துக்கு. காத்து அதிகமா இருக்கு, இன்னிக்கு மைதானம் கிடையாது. எல்லாரும் மூணேகாலுக்கு மரவேலைக் கட்டடத்துல கூடணும்." இருமலை அடக்கிக்கொண்டே வாசித்ததில் விரல் விட்டுவிட்டுத் தளர்ந்தது. வகுப்பறைகளில் எங்களுக்குக் கேட்டது இது: "துப்பாக்கி… சுடுறவங்க… கட்டடத்துல…" அதன் பிறகு ஓர் இருமல். அதன் பிறகு ஒன்றுமே இல்லை.

ஒன்றுமே இல்லாமல் போனதற்குக் காரணம், மார்லிஸ் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தால் தாழ்வாரம் முழுக்க இருட்டு, எல்லாக் கதவும் பூட்டு. பள்ளிக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று நினைத்து, தான் ஒட்டிய தாளில் உள்ளபடியே அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு மேசைக்கடியில் ஊர்ந்து போனார். தன் அறிவிப்புக்குத் தானே பயந்து ஒளிந்தார். போலீஸ் அதிகாரி ஷெரீஃபின் ஆள் வந்து மேசையைத் தட்டும்வரை பத்தொன்பது நிமிடம் அவரும் மூச்சுக் காட்டவில்லை. இதைக் கேட்டுப் பக்கத்து ஊர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். அன்று உள்ளே இருந்த யாரும் சிரிப்பதில்லை.

என் ஆய்வகத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள். அலமாரியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுக் கடைசி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். என் பக்கத்தில் டெலனி நைகார்ட், பத்தாம் வகுப்பு. துப்பாக்கி அணியின் முதல் ஐந்து பேரில் ஒருத்தி. செவ்வாய் வியாழனில் தோளில் துப்பாக்கியின் இருபத்தைந்து உதை வாங்கியும் கண் சிமிட்டாத பெண், கைப்பேசியில் ஓர் எழுத்தைத் தட்ட மூன்று முறை முயன்றாள்.

மறுநாள் அவள் அம்மா ஜோலீன் அந்தக் கைப்பேசியோடு அலுவலகத்துக்கு வந்தார். வான்கோழி ஆலையில் வேலை, ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. சத்தம் போடவில்லை. மார்லிஸின் முன்னால் கைப்பேசியை வைத்தார். அதில் இருந்தது: "அம்மா உள்ள யாரோ சுடுறாங்க. டக்கருக்குச் சாப்பாடு வைக்க மறந்துட்டேன். நீ வெச்சிடு. லவ் யூ." டக்கர் அவர்கள் வீட்டு நாய்.

மார்லிஸ் இரண்டு முறை படித்தார். "மன்னிச்சிடு, ஜோலீன்."

"உங்க மேல கோபமில்லை, மார்லிஸ். என்னையும் நீங்கதான் இந்த ஸ்கூல்ல சேர்த்தீங்க. ஆனா உங்க குரல் கேட்டாலே அவ கை நடுங்குது. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

மார்லிஸ் கைப்பேசியை இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். ஜோலீன் போன பிறகு, எதிர்க் கதவில் நின்ற என் பக்கம் திரும்பினார். "அவளைத்தான் கூப்பிட்டேன், வாத்தியாரே. சுடுறவங்கன்னு சொன்னது அவளைத்தானே!"

அதற்குப் பிறகு பிரின்சிபால் ஒரு தாள் கொடுத்தார். 'சுடுதல்', 'துப்பாக்கி', 'தோட்டா' ஆகிய சொற்கள் ஒலிபெருக்கியில் வரக் கூடாது, இனிமேல் 'களிமண் அணி'. முதல் வாரமே ஒரு பாட்டி தொலைபேசியில், தன் பேரனையும் பானை செய்யச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார். பொத்தானைச் சரிசெய்ய வந்தவர், இந்த மாதிரிக்கு இப்போது உதிரிபாகமே வருவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் மார்லிஸ் இரண்டு கட்டைவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்திக்கொண்டு வாசிக்கிறார். நகம் வெளுத்துப்போகும். தாளைத் திருப்பக் கை இருக்காது. தினமும் எட்டு ஐந்துக்கு நான் போய்ப் பக்கத்தில் நின்று பக்கம் திருப்புகிறேன். இருபத்தாறு வருட ஆசிரியப் பணியில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு அது.

டெலனி அதற்கு முன் தினமும் காலையில் வருகைச் சீட்டுகளை அலுவலகத்தில் கொண்டுவந்து வைப்பாள். அவள் வருவது நின்றது. வேறொருத்தி கொண்டுவந்தாள். அணியிலிருந்து மட்டும் அவள் விலகவில்லை, அம்மா கெஞ்சியும் கேட்கவில்லை. மைதானத்தில் பின்னால் முக்காலியிலிருந்து "போச்சு!" என்று குரல் வந்தால், யாருக்குச் சொன்னாலும் அவள் தோள் ஒரு தரம் துள்ளியது. மார்லிஸ் அதைப் பார்த்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து அவருடைய "போச்சு" முணுமுணுப்பாகிவிட்டது. பையன்கள், "மிசஸ் டோலெஃப்சன், கேக்கலை! பட்டுச்சா, படலையா?" என்று கத்துவார்கள். "படலைடா," என்பார், ஏதோ தன் குற்றம்போல.

மே மாதக் கடைசியில் என்னிடம் ஒரு கடிதத்தைக் காட்டினார். அடுத்த வருடம் அறிவிப்பு வாசிக்க வேறு யாரையாவது வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டே வரி. தேதி போடவில்லை. "வெள்ளிக்கிழமை கடைசி அறிவிப்பு. அதுக்குள்ள அந்தப் பொண்ணு ஒரு தடவை இந்த அறைக்குள்ள வந்து நின்னா, கிழிச்சுப் போட்டுடறேன். வரலைன்னா குடுத்துடுவேன். ஒரு பிள்ளைக்குப் பயம் குடுக்கிற குரலை வெச்சுக்கிட்டு நான் என்ன வாசிக்கிறது?"

"கூப்பிட்டுப் பேசினால் என்ன?"

"எதை வெச்சுக் கூப்பிடுறது? இந்தக் குரலை வெச்சுத்தானே?"

கடிதத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

வியாழக்கிழமை, பருவத்தின் கடைசி ஆட்டம். காற்றில்லை. மார்லிஸின் முக்காலிக்குப் பின்னால் நான் உருளைக்கிழங்கு வறுவலோடு நின்றேன். டெலனி தொடர்ந்து இருபத்து நாலு தட்டை உடைத்தாள். இருபத்தைந்தும் உடைத்தவர்களுக்கு அங்கியில் தைத்துக்கொள்ளப் பரிசாக ஒரு வட்டத் துணி உண்டு. அவளுக்கு அது இன்னும் கிடைத்ததில்லை. அவள் கடைசி "விடு!" சொன்னாள். தட்டு இடப்பக்கம் தாழ்வாகப் போனது. சுட்டாள். ஆரஞ்சுப் புகை ஒரு பிடி எழும்பியது. தட்டு மரவரிசை வரை முழுசாகப் போய் விழுந்தது.

பெற்றோர்களில் பாதிப் பேர் கைதட்டிவிட்டார்கள். மார்லிஸ் பேசாமல் இருந்தாலே போதும், அது புள்ளியாகிவிடும். அந்த வட்டத் துணி, இந்த ஐந்து வாரம், அலுவலகத்துக்குள் வராத பெண், எல்லாமே அந்த மௌனத்தில் சரியாகிவிடும் என்று எனக்கே தோன்றியது. வாயை மூடிக்கொண்டிரு என்று மனத்துக்குள் மன்றாடினேன். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"போச்சு!"

முணுமுணுப்பில்லை. பழைய குரல், நிறுத்துமிடத்திலிருந்த கார்கள் வரை கேட்ட குரல். கைதட்டல் நின்றது. மார்லிஸின் பென்சில் கட்டத்தில் ஒரு சுழியைப் போட்டது, அது கோணலாக விழுந்தது.

டெலனியின் தோள் துள்ளவில்லை. துப்பாக்கியைத் திறந்து கூட்டை வெளியே எடுத்தாள். திரும்பி முக்காலியைப் பார்த்தாள். "தூசுதான். நானும் பார்த்தேன்," என்று சொல்லிவிட்டு, வண்டியை நோக்கி நடந்துபோனாள்.

திரும்பி வரும் வழியில் காரில் மார்லிஸ், "இல்லாததை ஒரு தடவை சொல்லித் தொலைச்சேன். இன்னிக்கு இருந்ததைச் சொல்லாம விடச் சொல்றியா?" என்றார். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. என் முகத்தில் இருந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை கார் மூடிமேல் ஏழு கூடுகள். எட்டு மணிக்குக் கடிதம் மேசைமேல் இருந்தது, தேதியோடு. எட்டு ஐந்துக்கு நான் என் இடத்தில் நின்றேன். மார்லிஸ் இரண்டு கட்டைவிரலாலும் பொத்தானை அழுத்தி, மதிய உணவுப் பட்டியலையும் நூலகப் புத்தகம் திருப்பித் தர வேண்டியவர்கள் பெயரையும் வாசித்தார். குரல் களைத்திருந்தது. முதல் பக்கம் முடியும் நேரத்தில் கதவு திறந்தது. டெலனி, கையில் வருகைச் சீட்டுகள். அவற்றைத் தட்டில் வைத்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

பக்கம் திருப்ப நான் கை நீட்டினேன். அதற்குள் அவள், மார்லிஸின் வெளுத்த கட்டைவிரல்கள்மேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் எடுக்கவில்லை. மார்லிஸ் ஒரு கையை உருவிக்கொண்டு, தானே பக்கத்தைத் திருப்பினார்.